ஒரு மில்லிசெக்கண்டுக்குள் நடப்பது: நரம்புச் சந்திப்பில் கால்சியத்தை உணரும் சினாப்டோடாக்மின் – முழுமையான வழிகாட்டி

சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் மிதியை அழுத்த நினைத்த கணத்தில், அவருடைய தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு மின்துடிப்பு புறப்பட்டு, நரம்பு செல்லின் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள இழையான ஆக்ஸான் வழியாகக் கெண்டைக்கால் தசையை நோக்கி ஓடுகிறது. விநாடிக்கு 50 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பயணத்துக்கு 20 மில்லிசெக்கண்டு ஆகும். நரம்பின் முனைக்கு வந்ததும் மின்துடிப்பு நின்றுவிடுகிறது. அங்கிருந்து தசைக்குச் செய்தியை எடுத்துச் செல்வது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். மின்செய்தி வேதிச்செய்தியாக மாறுவதற்கு ஆகும் நேரம் ஒரு மில்லிசெக்கண்டுக்கும் குறைவு. அந்த மிகச் சிறிய இடைவெளியில் நடப்பவற்றைப் படிப்படியாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

பிளஸ் டூ உயிரியலைப் படித்துவிட்டு இப்போது நர்சிங், பார்மசி, விலங்கியல், உயிர்வேதியியல் பயிலும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பாடநூலில் இந்த நிகழ்வு பெரும்பாலும் இப்படித்தான் முடிந்துவிடும்: கால்சியம் உள்ளே நுழைகிறது, நுண்பைகள் சவ்வுடன் இணைகின்றன, நரம்புணர்வு கடத்தி வெளியேறுகிறது. முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் நடுவே ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. கால்சியம் வந்துவிட்டது என்பதை நுண்பைக்குத் தெரிவிப்பது எது? அதற்கான விடையே சினாப்டோடாக்மின் என்ற புரதம். அது இல்லாவிட்டாலும் நரம்புணர்வு கடத்தி வெளியேறத்தான் செய்யும். ஆனால் உரிய நேரத்தில் வெளியேறாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற அனைத்தும் எளிதில் விளங்கும்.

படி 1: இடத்தின் அளவுகளை மனத்தில் பதியவைத்தல்

ஆக்ஸானின் முனைக்குள் நரம்புணர்வு கடத்தி நிரம்பிய சினாப்டிக் நுண்பைகள் திரண்டிருக்கின்றன. மூளையில் ஒரு நுண்பையின் விட்டம் ஏறத்தாழ 40 நானோமீட்டர். அதற்குள் ஆயிரக்கணக்கான கடத்தி மூலக்கூறுகள் அடங்கும். எதிரேயுள்ள செல்லுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி மூளையில் 20 நானோமீட்டர் அளவும், நரம்பு தசைச் சந்திப்பில் 50 நானோமீட்டர் அளவும் இருக்கும். நுண்பைகளுள் சில, நரம்பு முனையின் சவ்வை ஒட்டி, கால்சியம் கால்வாய்களுக்குச் சில பத்து நானோமீட்டர் தொலைவிலேயே நிற்கின்றன. முதலில் வெளியேறுபவை இவையே.

எலியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த நுண்பைகளை ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ரைன்ஹார்ட் யான் குழுவினர் புரதம் புரதமாக எண்ணி 2006-ல் வெளியிட்டனர். ஒரு நுண்பையின் மீது சராசரியாக 70 சினாப்டோபிரெவின் மூலக்கூறுகளும் 15 சினாப்டோடாக்மின் மூலக்கூறுகளும் இருப்பதாக அவர்கள் கண்டனர். 15 என்ற இந்த எண் ஐந்தாம் படியில் பயன்படும்.

படி 2: கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிரித்தறிதல்

நரம்பு செல்லுக்கு வெளியே கட்டற்ற கால்சியத்தின் செறிவு ஏறத்தாழ 1.2 மில்லிமோலார், உள்ளே, ஓய்வுநிலையில், 0.1 மைக்ரோமோலார் மட்டுமே. அதாவது வெளியில் பத்தாயிரம் மடங்குக்கும் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கவே செல் இடைவிடாமல் ஆற்றலைச் செலவிட்டுக் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. மின்துடிப்பு, அதாவது செயல்நிலை மின்னழுத்தம், முனையை அடைந்ததும் கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. தசைச் சந்திப்பில் இவை முதன்மையாக பி/க்யூ வகையைச் சேர்ந்தவை. திறந்த கால்வாயின் வாயருகே மட்டும் செறிவு பல பத்து மைக்ரோமோலார் வரை உயர்ந்து, ஒரு மில்லிசெக்கண்டுக்குள் தணிந்துவிடுகிறது.

சேலத்து மாணவர்களுக்கு இந்த இடத்தில் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சங்ககிரிப் பக்கம் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். சேர்வராயன் மலைக்கும் நகரத்துக்கும் இடையில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் மேக்னசைட் பாறை மெக்னீசியம் கார்பனேட். இரண்டு உலோக அயனிகளும் இரட்டை நேர்மின் சுமை கொண்டவை. தனிம அட்டவணையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் நரம்பு முனையில் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று தடுக்கிறது. மெக்னீசியம் அளவில் சிறியது. தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை எளிதில் விட்டுக்கொடுக்காது. அதனால் அது கால்சியம் கால்வாயைக் கடந்து செல்லாமல் அங்கேயே நின்று வழியை மறிக்கிறது. சினாப்டோடாக்மினின் கால்சியக் குழிகளிலும் அது சரியாகப் பொருந்துவதில்லை.

பெர்னார்ட் காட்ஸும் ஹோசே டெல் காஸ்டியோவும் 1954-ல் இந்தப் பண்பையே கருவியாகக் கொண்டனர். தவளையின் நரம்பு தசைச் சந்திப்பில் கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கூட்டியபோது, தசையின் மறுமொழி படிப்படியாகச் சிறுத்து, ஒரு கட்டத்தில் முழு எண்களாகத் தாவத் தொடங்கியது: சில முறை ஒன்றுமில்லை, சில முறை ஓர் அலகு, சில முறை இரண்டு. கடத்தி பொட்டலம் பொட்டலமாகவே வெளியேறுகிறது என்ற முடிவு இதிலிருந்து பிறந்தது. காட்ஸ் 1970-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதே அறிவு மகப்பேறு வார்டில் அன்றாடம் பயன்படுகிறது. கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் பெறும் தாயிடம், அடுத்த டோஸ் போடுவதற்கு முன் செவிலியர் வருகிறார். ஒரு கையை முழங்காலின் அடியில் கொடுத்துக் காலைச் சற்றே மடக்கித் தூக்கிப் பிடித்து, முட்டிச் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாணைச் சுத்தியலால் தட்டுகிறார். கால் உதறுகிறதா என்று பார்க்கிறார். மூச்சையும் சிறுநீரின் அளவையும் குறித்துக்கொள்கிறார். கால் உதறவில்லையென்றால் டோஸ் நிறுத்தப்படும். இரத்தத்தில் மெக்னீசியம் மிகுந்து, நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவது குறைந்துவிட்டது என்பதற்கு அது முன்னறிவிப்பு. அடுத்து பாதிக்கப்படுவது மூச்சுத் தசைகள். மாற்று மருந்தாக 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லிலிட்டரைச் சிரை வழியாக மெதுவாகச் செலுத்துவார்கள். அந்த அறையில் இந்த மருந்து தயாராக இருந்தாக வேண்டும் என்று மூத்த செவிலியர்கள் வற்புறுத்துவதற்கான காரணம் இந்த இரண்டு அயனிகளுக்கு இடையிலான போட்டிதான்.

படி 3: இணைவதற்கு முந்தைய தயார்நிலை

இரண்டு சவ்வுகள் தாமாக இணைவதில்லை. இரண்டின் பரப்பிலும் எதிர்மின் சுமை இருப்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. அவற்றை நெருக்கி இணைப்பது ஸ்நேர் எனப்படும் புரதக் குழு. நுண்பையிலிருந்து சினாப்டோபிரெவின் ஓர் இழையையும், செல் சவ்விலிருந்து சின்டாக்சின் ஓர் இழையையும், ஸ்நாப்-25 இரண்டு இழைகளையும் தருகின்றன. நான்கும் ஒரு முனையில் தொடங்கி, கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக்கொண்டே சவ்வை நோக்கி வர, இரண்டு சவ்வுகளும் நெருங்குகின்றன. இந்த முறுக்கு பாதியளவில் நிற்கும்போது நுண்பை தயார்நிலையில் இருக்கிறது. மங்க்18, மங்க்13 ஆகிய புரதங்கள் இந்த அமைப்பைச் சரியாகக் கோக்க உதவுகின்றன. காம்ப்ளெக்சின் என்ற சிறு புரதம் பாதி முறுக்கிய நிலையில் வந்து ஒட்டிக்கொள்கிறது. எனவே கால்சியம் வரும்போது பெரும்பகுதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. கால்சியம் நுழைந்த பின் ஏறத்தாழ 0.2 மில்லிசெக்கண்டிலேயே வெளியீடு தொடங்குவதற்கு இதுவே காரணம்.

படி 4: உணரியின் அமைப்பைப் புரிந்துகொள்ளுதல்

சினாப்டோடாக்மின்-1 நுண்பையின் சவ்வை ஒருமுறை துளைத்து நிற்கும் புரதம். ஒரு சிறு வால் நுண்பைக்குள்ளே இருக்கிறது. வெளியே, செல்லின் உட்புறத்தில், ஒரு நெகிழ்வான இணைப்பைத் தொடர்ந்து சி2ஏ, சி2பி என்ற இரண்டு களங்கள், அதாவது தனித்தனியே மடிந்த பகுதிகள், உள்ளன. ஒவ்வொரு களமும் எட்டு பீட்டா இழைகளால் ஆன உறுதியான கட்டு. அதன் உச்சியில் வளையங்கள் நீண்டிருக்கின்றன. அந்த வளையங்களுக்கு நடுவே அஸ்பார்டிக் அமிலங்கள் சூழ்ந்த குழி இருக்கிறது. சி2ஏ களம் மூன்று கால்சியம் அயனிகளையும், சி2பி களம் இரண்டு கால்சியம் அயனிகளையும் ஏற்கும்.

கால்சியம் சேர்ந்ததும் புரதத்தின் வடிவம் பெரிதாக மாறிவிடும் என்று மாணவர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. கால்மோடுலின் என்ற மற்றொரு கால்சியப் புரதத்தில் அப்படித்தான் நிகழ்கிறது. சி2 களங்களில் முக்கியமாக மாறுவது மின்சுமை. அஸ்பார்டிக் அமிலங்கள் எதிர்மின் சுமை கொண்டவை. சவ்வின் உட்பரப்பிலுள்ள பாஸ்பாடிடைல்செரினும் பிஐபி2 என்ற கொழுப்பும் எதிர்மின் சுமை கொண்டவை. ஆகவே ஓய்வுநிலையில் வளையங்கள் சவ்வை நெருங்கத் தயங்குகின்றன. கால்சியம் வந்து அமர்ந்ததும் விலக்கு விசை ஈர்ப்பு விசையாகிறது. வளையங்களின் நுனியிலுள்ள நீர்விலக்கும் அமினோ அமிலங்கள் சவ்வுக்குள் அழுந்துகின்றன. கால்சியத்தின் பிணைப்பில் ஒரு பகுதியைப் புரதமும் எஞ்சிய பகுதியைச் சவ்வின் கொழுப்பும் தருகின்றன என்பதே இதன் சிறப்பு. தனியே நிற்கும் சி2 களம் கால்சியத்தை மிகப் பலவீனமாகவே பற்றுகிறது. சவ்வு அருகில் இருந்தால் பற்று பல மடங்கு கூடுகிறது.

பற்று பலவீனமாக இருப்பது குறையாகத் தோன்றலாம். உண்மையில் அது இந்தப் பணிக்கு இன்றியமையாத தகுதி. பற்று வலுவாக இருந்திருந்தால் ஓய்வுநிலையின் 0.1 மைக்ரோமோலார் கால்சியமே உணரியைத் தூண்டியிருக்கும். ஒருமுறை பற்றிய கால்சியம் நெடுநேரம் விலகாமலும் இருந்திருக்கும். கால்வாயின் வாயருகே கணநேரம் எழும் உயர்செறிவுக்கு மட்டும் மறுமொழி தந்து, செறிவு தணிந்ததும் உடனே அடங்கும் உணரியே நெசவாளியின் மிதிக்கு ஏற்ற வேகத்தைத் தர இயலும்.

சவ்வில் அழுந்திய சினாப்டோடாக்மின் அடுத்த கணத்தில் என்ன செய்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. சவ்வை வளைத்து இணைவுக்கு வழிசெய்கிறது என்பது ஒரு கருத்து. பாதியில் நின்ற ஸ்நேர் முறுக்கை விடுவிக்கிறது என்பது மற்றொன்று. சி2பி களமும் ஸ்நேர் தொகுப்பும் ஒட்டியிருக்கும் நிலையின் படிக அமைப்பு 2015-ல் வெளியானது. கால்சியம் வருவதற்கு முன்பே இரண்டும் சேர்ந்து காத்திருக்கின்றன என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. என் கணிப்பில், இந்தக் கருத்துகள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரே நிகழ்வின் அடுத்தடுத்த பகுதிகளாகவே அமையக்கூடும்.

படி 5: நான்காம் அடுக்குக் கணக்கு

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். டாட்ஜும் ரஹாமிமோஃபும் 1967-ல் தவளையின் நரம்பு தசைச் சந்திப்பில் அளந்தபோது, கால்சியம் குறைவாக உள்ள நிலையில், வெளியீடு கால்சியச் செறிவின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதைக் கண்டனர். கால்சியம் இரு மடங்கானால் வெளியீடு 16 மடங்காகும்; பாதியானால் 16-ல் ஒரு பங்காகச் சுருங்கும். கால்சியம் 20 சதவீதம் மட்டும் குறைந்தால் 0.8-ன் நான்காம் அடுக்கு 0.41, அதாவது வெளியீடு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. செறிவு மிகும்போது வளைகோடு தட்டையாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இயல்பான உடலில் வீழ்ச்சி இவ்வளவு செங்குத்தாக இராது.

எலியின் மூளைத்தண்டிலுள்ள ஹெல்டின் கேலிக்ஸ் என்ற மிகப்பெரிய நரம்புச் சந்திப்பில் (சினாப்ஸில்), ஒளியால் கால்சியத்தை விடுவிக்கும் முறையைப் பயன்படுத்தி, ஹைடெல்பெர்க்கில் சாக்மனின் குழுவும் கோட்டிங்கனில் நேயரின் குழுவும் 2000-ல் தனித்தனியே இதே செங்குத்துத் தன்மையைக் கண்டன. ஒரு வெளியீட்டுக்கு நான்கு அல்லது ஐந்து கால்சியம் அயனிகள் ஒத்துழைக்க வேண்டும் என்பது இவற்றின் பொருள். ஒரு சினாப்டோடாக்மினில் ஐந்து இடங்கள் உள்ளன என்பதால் கணக்கு தீர்ந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஒரு நுண்பையில் 15 மூலக்கூறுகள் உள்ளன, அவற்றுள் பல சேர்ந்து செயல்படக்கூடும்.

படி 6: உணரி இதுதான் என்று எப்படி உறுதிசெய்தனர்

மாணவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. ஒரு புரதம் கால்சியத்தைப் பற்றுகிறது என்பது மட்டும் அதை உணரி ஆக்கிவிடாது. செல்லுக்குள் கால்சியத்தைப் பற்றும் புரதங்கள் ஏராளம். சினாப்டோடாக்மின் 1981-ல் நுண்பைகளின் மீதுள்ள 65 கிலோடால்டன் புரதமாக எதிர்ப்பொருள் ஒன்றின் உதவியால் அடையாளம் காணப்பட்டது. தாமஸ் சூடோஃபும் ரைன்ஹார்ட் யானும் உள்ளிட்ட குழு 1990-ல் அதன் மரபணு வரிசையை வெளியிட்டது. அது கால்சியத்தைப் பற்றுகிறது என்பது 1992-ல் காட்டப்பட்டது. இதுவரை கிடைத்தவை சூழ்நிலைச் சான்றுகள் மட்டுமே.

1994-ல் சினாப்டோடாக்மின்-1 மரபணு நீக்கப்பட்ட எலிகள் ஆராயப்பட்டன. பிறந்து இரண்டு நாளுக்குள் அவை இறந்தன. அவற்றின் மூளை நியூரான்களை வளர்த்துத் தூண்டியபோது, உடனடியான, ஒருங்கே நிகழும் வெளியீடு ஏறத்தாழ முழுவதும் மறைந்திருந்தது. ஆனால் தயார்நிலை நுண்பைகளைக் கால்சியத்தின் உதவியின்றியே வெளியேற்றும் அடர்ந்த சர்க்கரைக் கரைசலை ஊற்றியபோது அவை இயல்பான அளவில் வெளியேறின. தாமதமாகச் சிதறி நிகழும் வெளியீடும் எஞ்சியிருந்தது. நுண்பைகள் உண்டு, தயார்நிலை உண்டு, இணைக்கும் பொறியும் உண்டு; காலத்தை அறிவிப்பது மட்டும் இல்லை. இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் முடிவு நரம்பியலில் அரிது.

ஆயினும் ஒரு புரதத்தை நீக்கினால் வேலை நின்றுவிட்டது என்பதாலேயே அதுதான் கால்சியத்தை உணர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. வேறொரு வகையில் அது தேவைப்பட்டிருக்கலாம். இந்த எதிர்வாதத்தைத் தீர்த்தது 2001-ல் வெளியான ஆய்வு. சி2ஏ களத்தில் 233-ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை குளூட்டமின் என்ற மற்றோர் அமினோ அமிலமாக மாற்றினர். புரதம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் கால்சியப் பற்று மட்டும் ஏறத்தாழ பாதியானது. அதற்கேற்ப வெளியீட்டின் கால்சிய உணர்திறனும் ஏறத்தாழ பாதியானது. 2005-ல் எதிர்த்திசையில் சோதித்தனர்: வளையங்களின் நுனியில் டிரிப்டோபானைப் பதித்துப் பற்றைக் கூட்டியபோது வெளியீடும் கூடியது. அளவு மாறினால் விளைவும் அதே திசையில் மாறுகிறது என்பதே உணரிக்கான உண்மையான சான்று. தேர்வில் இந்தத் தலைப்பு வந்தால் 1994-ஐ மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல், 2001-ஐ ஏன் செய்ய வேண்டியிருந்தது என்றும் எழுதுங்கள். சூடோஃப், ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன் ஆகியோருக்கு 2013-ல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

படி 7: குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள்

பாலூட்டிகளில் 17 சினாப்டோடாக்மின்கள் உள்ளன. எல்லாம் கால்சியத்தைப் பற்றுவதில்லை. முன்மூளையில் வேகமான வெளியீட்டுக்கு முதன்மையானது 1. மூளைத்தண்டு, தண்டுவடம், நரம்பு தசைச் சந்திப்பு ஆகியவற்றில் 2. எனவே நெசவாளியின் கெண்டைக்காலில் முதன்மையாகச் செயல்படுவது சினாப்டோடாக்மின்-2 என்று எழுதுவதே சரி. சினாப்டோடாக்மின்-7 மெதுவானது, பற்று வலுவானது. தொடர்ந்து தூண்டும்போது முனையில் தேங்கும் சிறிதளவு கால்சியத்துக்கு மறுமொழி தந்து, தாமத வெளியீட்டுக்கும் அடுத்தடுத்த மறுமொழிகள் வலுப்பெறுவதற்கும் துணைசெய்கிறது.

படி 8: நோய்களையும் நஞ்சுகளையும் இந்த வரிசையில் பொருத்துதல்

நம் மாவட்டத்துக் கிராமங்களில் தரையில் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் இரவில் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருப்பதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை தொங்குதல், விழுங்க இயலாமை, மூச்சுத் தளர்ச்சி என்று வளர்கிறது. இதன் நஞ்சிலுள்ள பீட்டா-பங்காரோடாக்சின் நரம்பு முனையின் கொழுப்பைச் சிதைக்கும் நொதி. நுண்பைகள் தீர்ந்து முனையே அழிகிறது. உணரிக்கு எந்தப் பழுதும் இல்லை, அது அமர்ந்திருக்க வேண்டிய நுண்பைதான் இல்லை. நல்லபாம்பின் நஞ்சு எதிர்ப்புறத் தசையில் அசிட்டைல்கோலினைப் பெறும் ஏற்பிகளை அடைக்கிறது. அதனால் அசிட்டைல்கோலினைத் தேக்கும் நியோஸ்டிக்மின் ஊசி அங்கே பலன் தருகிறது. கட்டுவிரியன் கடியில் தேக்குவதற்கே கடத்தி வெளிவருவதில்லை. முனை மீண்டும் வளரும்வரை, நாட்கணக்கில், வென்டிலேட்டர் தாங்க வேண்டியிருக்கும். முடக்கம் தொடங்கிய பின் தரும் நஞ்சுமுறி அழிந்த முனையை மீட்காது. ஆகவே வலியில்லாத கடியானாலும் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பொட்டுலினம் நஞ்சுகள் மூன்றாம் படியில் தாக்குகின்றன: ஏ வகை ஸ்நாப்-25-ஐ வெட்டுகிறது, பி வகை சினாப்டோபிரெவினை வெட்டுகிறது. பி வகை நரம்பு முனைக்குள் நுழையும் வழி வியப்பானது. நுண்பை இணைந்ததும் சினாப்டோடாக்மினின் உட்புற வால் வெளியே தெரிகிறது. நஞ்சு அதையே பிடித்துக்கொண்டு, நுண்பை திரும்பும்போது உள்ளே வந்துவிடுகிறது. லாம்பெர்ட்-ஈட்டன் நோயில் உடலின் எதிர்ப்பொருள்கள் பி/க்யூ கால்வாய்களைத் தாக்குகின்றன; அது இரண்டாம் படியின் பழுது. சினாப்டோடாக்மின்-1 மரபணுவிலேயே பிழை உள்ள குழந்தைகளைப் பற்றி 2015 முதல் அறிக்கைகள் வருகின்றன. வளர்ச்சித் தாமதமும் இயல்பற்ற அசைவுகளும் அவர்களிடம் காணப்படுகின்றன.

படி 9: ஒரு பதிவைப் பார்த்துப் பழுதைக் கண்டறிதல்

எதிர்ப்புற செல்லின் மின்பதிவு உங்கள் முன் வைக்கப்பட்டால் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். தூண்டாமலே தோன்றும் சிறு துடிப்புகளின் உயரம் இயல்பாக உள்ளதா? உயரம் குறைந்திருந்தால் ஏற்பியையோ நுண்பையின் நிரப்பையோ ஐயுறலாம். இயல்பாக இருந்தால் பழுது வெளியீட்டில் உள்ளது. அடுத்து, சர்க்கரைக் கரைசலுக்கு மறுமொழி உண்டா? இல்லையென்றால் ஸ்நேர், மங்க்13 போன்ற தயார்நிலைப் புரதங்களைப் பாருங்கள். உண்டு என்றால் மூன்றாவது கேள்வி: வெளியிலுள்ள கால்சியத்தை உயர்த்தினால் வேகமான மறுமொழி மீள்கிறதா? மீண்டால் கால்வாயில் குறை இருக்கலாம், அல்லது 2001-ஆம் ஆண்டு எலியைப்போல உணரியின் பற்று தளர்ந்திருக்கலாம். முனைக்குள் நுழையும் கால்சியத்தை நேரடியாக அளந்து இரண்டையும் பிரிக்கலாம். எவ்வளவு உயர்த்தியும் மீளாமல், தூண்டலுக்குப் பின் நூற்றுக்கணக்கான மில்லிசெக்கண்டுகளுக்குச் சிறு துடிப்புகள் மட்டும் சிதறி நீடித்தால், வேகமான உணரியே இல்லை என்று கொள்ளலாம். அந்த முடிவைச் சரிபார்க்க, கால்சியத்தை மெதுவாகப் பற்றும் ஈஜிடிஏ-வை முனைக்குள் செலுத்திப் பாருங்கள்: இயல்பான நியூரானில் தாமதத் துடிப்புகள் மறைந்து வேகமான மறுமொழி பெரும்பாலும் நிலைத்திருக்கும், உணரி இல்லாத நியூரானில் இரண்டுமே இல்லாமல் பதிவு தட்டையாகிவிடும்.